லிப்னா எங்கே இருந்தது? இரண்டு வரைபடங்களில் இரண்டு இடம் ஏன்?

கேள்வி இது: 2 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில், அசீரியா ராஜா சனகெரிப் லாகீசை விட்டுப் புறப்பட்டு லிப்னாவின்மேல் யுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான் என்று வருகிறது. கேட்டவரிடம் இருக்கும் இரண்டு வேதாகம வரைபடங்களில் லிப்னா வெவ்வேறு இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. எது சரி?

சுருக்கமாகச் சொன்னால், லிப்னா இன்ன இடம்தான் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பந்தயம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தெல் பூர்னா என்ற மேட்டின்மேல் (தெல் என்றால் பழைய ஊர் புதைந்து கிடக்கும் மண்மேடு) கட்டுவேன், ஆனால் பெரிய தொகை கட்டமாட்டேன். உங்கள் வரைபடங்கள் ஏன் முரண்படுகின்றன என்பதற்குப் பதில் லிப்னாவில் இல்லை, காத் என்ற இன்னொரு ஊரில் இருக்கிறது. அங்கே போய்த்தான் திரும்பி வரவேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். எண்ணாகமம் 33-ல், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பாளயமிறங்கிய இடங்களில் ஒன்றாக ஒரு லிப்னா வருகிறது. அது வேறு, தெற்கே பாலைவனத்தில். நாம் தேடுவது யூதாவின் ஊர்.

அந்த ஊர் வேதாகமத்தில் தலைகாட்டும் இடங்கள் கொஞ்சம்தான். யோசுவா மக்கெதாவை முடித்துக்கொண்டு லிப்னாவுக்கும், அங்கிருந்து லாகீசுக்கும் போகிறான் (யோசுவா 10). யூதா கோத்திரத்தின் ஊர்ப்பட்டியலில் எத்தேர், ஆசான், நெத்சீப், கேகிலா, மரேஷா முதலிய ஊர்களோடு ஒன்பதில் ஒன்றாக நிற்கிறது (யோசுவா 15). ஆசாரியர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டணங்களிலும் பெயர் இருக்கிறது. அப்புறம், கி.மு. 9-ம் நூற்றாண்டின் நடுவில், யோராம் ராஜாவின் நாளில் ஏதோம் கலகம் செய்து பிரிந்தபோது லிப்னாவும் கலகம் செய்தது என்று ஒரே ஒரு வாக்கியம். கி.மு. 701-ல் சனகெரிப் முற்றுகை. கடைசியாக ஒரு பெண்: அமுத்தாள், லிப்னா ஊரான் எரேமியாவின் மகள் (தீர்க்கதரிசி எரேமியா அல்ல, அவர் ஆனதோத்தூர்க்காரர்). யோசியா ராஜாவின் மனைவிகளில் ஒருத்தி. யோவாகாஸ், சிதேக்கியா என்ற இரண்டு ராஜாக்களின் தாய். யூதாவின் கடைசி ராஜாவுக்கு லிப்னாதான் தாய்மாமன் ஊர்.

இந்தக் குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஊர் இருக்கவேண்டிய வட்டாரம் தெரிந்துவிடுகிறது. யூதேயா மலைகளுக்கும் மேற்கே பெலிஸ்தியரின் கடற்கரைச் சமவெளிக்கும் நடுவில், சின்னச் சின்னக் குன்றுகளும் ஓடைப் பள்ளத்தாக்குகளுமாக ஒரு பகுதி இருக்கிறது. எபிரேயத்தில் செப்பேலா என்பார்கள். பட்டியலில் லிப்னாவோடு நிற்கும் ஊர்களில் சிலவற்றின் பெயர் அரபுப் பெயர்களில் அப்படியே தங்கியிருக்கிறது. கேகிலா இன்று கிர்பெத் கீலா. நெத்சீப் இன்று பெய்த் நெசீப். எத்தேர் கிர்பெத் அத்தேர். மரேஷாவின் இடத்திலும் சந்தேகம் இல்லை. எல்லாமே பேத் குவ்ரின் என்ற பழைய ஊரைச் சுற்றி இருப்பவை. கி.பி. 4-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதாகம ஊர்ப்பெயர்களுக்கு அகராதி எழுதிய ஆயர் எவுசேபியுவும், லிப்னா தம் காலத்தில் லோபனா என்ற கிராமமாக எலியூத்தெரோபொலிஸ் வட்டாரத்தில் இருப்பதாகக் குறித்திருக்கிறார். பேத் குவ்ரினுக்கு ரோமர் வைத்த பெயர்தான் எலியூத்தெரோபொலிஸ். எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், பக்கத்து ஊர்களுக்கெல்லாம் “இத்தனையாவது மைல்கல்லில்” என்று கணக்காக எழுதும் மனிதர், லிப்னாவுக்கு மட்டும் வட்டாரத்தைச் சொல்லி நிறுத்திவிட்டார். மரேஷாவுக்கு 2 மைல், லாகீசுக்கு 7 மைல். லிப்னாவுக்கு ஒன்றும் இல்லை.

அந்த லோபனா பிறகு காணாமல் போயிற்று. 1838-ல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபு நன்றாகத் தெரிந்த எலி ஸ்மித்தோடு இந்த நாட்டில் சுற்றி, ஊர் ஊராக “இந்த மேட்டுக்கு என்ன பெயர், அந்தப் பாழுக்கு என்ன பெயர்” என்று கேட்டு எழுதினார். ஆனதோத்தை அனாத்தாவிலும் மிக்மாசை முக்மாசிலும் அடையாளம் காட்ட முடிந்தது இந்த முறையால்தான். லிப்னா என்று காதில் விழும்படி ஒரு பெயரும் செப்பேலாவில் நிற்கவில்லை. ஒரு ஊர் பாழாகி, பக்கத்தில் குடியிருந்தவர்களும் கலைந்துபோனால், பெயரை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. கேகிலாவுக்கு ஆள் இருந்தது, லிப்னாவுக்கு இல்லை.

சரி, பெயர் இல்லை. பொருளாவது உதவுமா? லிப்னா என்பது லாபான் என்ற எபிரேயச் சொல்லின் வேரிலிருந்து வருகிறது. வெள்ளை என்று பொருள். லீபனோன் மலைப் பெயருக்கும் இதே வேர்தான். ஆக, “வெள்ளையூர்” என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒற்றைச் சொல்தான் ஆய்வாளர்களை அரை நூற்றாண்டு தவறான மேட்டில் உட்கார வைத்தது.

செப்பேலாவின் மேற்கு ஓரத்தில் தெல் எஸ்-சாஃபி என்ற பெரிய மேடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் செங்குத்தாக அறுத்துவிட்டதுபோல் வெள்ளைச் சுண்ணப் பாறை. சமவெளியில் வெகுதூரத்தில் வரும்போதே கண்ணில் படும். 1142-ல் சிலுவைப்போர் வீரர்கள் அங்கே ஒரு கோட்டை கட்டி அதற்கு பிளான்ஷ்கார்ட், அதாவது வெண்காவல், என்று பெயர் வைத்தார்கள். அரபுப் பெயரிலும் தெளிவு, தூய்மை என்ற சாயல் இருக்கிறது. வெள்ளைப் பாறை, வெள்ளைக் கோட்டை, வெள்ளையூர்: கண்ணுக்கு முன்னால் இவ்வளவு இருக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? 1920களின் தொடக்கத்தில் வில்லியம் ஆல்பிரைட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இதைத்தான் லிப்னா என்று வாதிட்டார். அந்தத் துறையில் அவர் சொன்னால் மறுபேச்சு எழுவது கடினம். வரைபடங்கள் அப்படியே அச்சாயின.

ஆனால் தெல் எஸ்-சாஃபியை லிப்னாவுக்குக் கொடுத்துவிட்டால், கோலியாத்தின் ஊரான காத் எங்கே போகும்? பலர் அதுவரை காத்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஆல்பிரைட் காத்தைத் தெற்கே தெல் எரானி என்ற மேட்டுக்கு மாற்றினார். 1950களின் நடுவில் அந்த மேட்டின் பக்கத்தில் இஸ்ரேல் அரசு ஒரு புதிய ஊரை அமைத்தபோது, பெருமையாக அதற்கு கிரியாத் காத் என்று பெயர் சூட்டினார்கள். 1956-ல் ஷ்முவேல் யெய்வின் அந்த மேட்டைத் தோண்டினார். பெலிஸ்தியரின் பெருநகரம் வரும் என்று பார்த்தால், முக்கியமாக வந்தது அதற்கு இரண்டாயிரம் ஆண்டு முந்திய முற்கால வெண்கலக் காலம். எகிப்தின் ஆதி மன்னன் நார்மரின் பெயர்க்குறி பொறித்த பானை ஓடுகூடக் கிடைத்தது. அருமையான கண்டுபிடிப்புதான், ஆனால் காத் அல்ல. ஊர்ப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் பேருந்துப் பலகையில் கிரியாத் காத் என்றே ஓடுகிறது. காத்துக்கும் அந்த மேட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

1975-ல் ஆன்சன் ரெய்னி காத்தை மறுபடி தெல் எஸ்-சாஃபிக்கே கொண்டுவரவேண்டும் என்று விரிவாக எழுதினார். 1996-லிருந்து ஆரன் மாயிர் தலைமையில் அங்கே நடந்த அகழாய்வு வழக்கை முடித்தே வைத்துவிட்டது. கி.மு. 10, 9-ம் நூற்றாண்டுகளில் அந்த வட்டாரத்திலேயே பெரிய நகரமாக இருந்திருக்கிறது. பெலிஸ்தியப் பானைகள் மண்ணடுக்கு மண்ணடுக்காக வருகின்றன. கி.மு. 830 வாக்கில் பெரிய அழிவு, நகரைச் சுற்றி முற்றுகைக்காக வெட்டிய அகழி. சீரியாவின் ராஜா ஆசகேல் காத்தைப் பிடித்தான் என்று 2 இராஜாக்கள் 12 சொல்வதோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்று தெல் எஸ்-சாஃபிதான் காத் என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

காத் தன் வீட்டுக்குத் திரும்பியதும் லிப்னா தெருவுக்கு வந்துவிட்டது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் இதுதான். ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வரைபடத்தில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைக்கிறோம். நடப்பது அப்படி இல்லை. ஊர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை நகர்த்தினால் நாலு நகரும். லாகீசையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890-ல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி தெல் எல்-ஹெசி என்ற மேட்டைத் தோண்டியபோது அதுதான் லாகீஸ் என்று நம்பினார். 1929-ல் ஆல்பிரைட் தெல் எத்-துவைர் என்ற வேறு மேட்டைக் காட்டினார். (இந்த முறை அவர் சொன்னது சரி. மனிதரை ஒரேயடியாகக் குறை சொல்லக்கூடாது.) 1935-ல் அதன் வாசல் அறையில் மையால் எழுதிய பானை ஓட்டுக் கடிதங்கள் கிடைத்தன. அதில் ஒன்று, “லாகீசின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்காவைக் காணமுடியவில்லை” என்று சொல்கிறது. சனகெரிப் லாகீசிலிருந்து லிப்னாவுக்குப் போனான் என்பதைப் படிக்கும்போது எந்த லாகீசிலிருந்து அளப்பது என்ற கேள்விக்கே 1929-க்கு முன் வேறு பதில் இருந்தது.

சில ஊர்கள் அதிர்ஷ்டம் செய்தவை. கேசேரில் 1874-ல் கிளெர்மோன்-கன்னோ “கேசேரின் எல்லை” என்று பொறித்த பாறைகளைக் கண்டார். கிபியோனில் 1956-லிருந்து ஜேம்ஸ் பிரிச்சர்ட் தோண்டியபோது ஊர்ப்பெயர் கீறிய ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. எக்ரோனில் 1996-ல் ஒரு கல்வெட்டே வந்தது: கோவிலைக் கட்டிய அரசனின் பெயர், அவன் தகப்பன் பெயர், “எக்ரோனின் அதிபதி” என்ற பட்டம், எல்லாம் ஒரே கல்லில். லிப்னாவுக்கு அப்படி எதுவும் இல்லை. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டுகூட யூதாவின் 46 மதில்சூழ் நகரங்களைப் பிடித்ததாகத் தொகையாகச் சொல்கிறதே தவிர, பட்டியல் போடவில்லை.

ஆக, இப்போது களத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு மேடுகள். இரண்டும் குவ்ரின் ஓடையின் பள்ளத்தாக்கில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்தில், லாகீசுக்கு வடக்கே ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கின்றன. மூன்றாவதாக தெல் கோதேதையும் சிலர் சொன்னதுண்டு. பேத் குவ்ரினுக்குச் சற்று வடக்கே இருக்கும் அந்த உயரமான மேட்டைப் பெரும்பாலோர் மீகா தீர்க்கதரிசியின் ஊரான மொரேசேத்தாகக் கருதுவதால், அதை விட்டுவிடுகிறேன்.

மேற்கே இருப்பது தெல் சாயித். 1999-லிருந்து ரான் டாப்பி தலைமையில் தோண்டினார்கள். 2005 ஜூலையில் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில் மற்ற கற்களோடு கல்லாக வைத்துக் கட்டப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக்கல்லில் கீறல்கள் தெரிந்தன. ஏறத்தாழ 17 கிலோ எடை. ஒரு பக்கம் கிண்ணம்போல் குடைந்த பள்ளம். மறுபக்கத்தில் இரண்டு வரியில் அகரவரிசை, 22 எழுத்தும். எழுதியவர் சில இடங்களில் முன்னது பின்னதாக எழுதியிருக்கிறார்: ஹே வரவேண்டிய இடத்தில் வாவ் முதலில் வருகிறது, சாயின் எழுத்துக்கு முன்னால் ஹேத் வந்துவிடுகிறது. கற்றுக்கொள்கிறவரின் தவறா, அந்த வட்டாரத்தில் வரிசையே அப்படித்தான் இருந்ததா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோண்டியவர்கள் கி.மு. 10-ம் நூற்றாண்டு என்கிறார்கள். இஸ்ரேல் தொல்லியலாளர் பின்கெல்ஸ்டைன் முதலானோர் 9-ம் நூற்றாண்டுக்கு இறக்குகிறார்கள். எழுத்து பினீசியமா, எபிரேயத்துக்கு முந்திய தென்கானான் வகையா என்பது தனிச் சண்டை. எனக்கு இந்தக் கல்லை நினைத்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். லிப்னா என்று எழுதத் தேவையான லாமெத், பேத், நூன், ஹே நான்கும் அதில் இருக்கின்றன. சேர்த்து எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கல் செய்தித்தாள்களில் வந்த பிறகு தெல் சாயித் லிப்னாவாக இருக்கலாம் என்ற கருத்து நன்றாகப் பரவியது. ஆனால் அகரவரிசை இருப்பதால் ஊர் முக்கியமானது என்று வேண்டுமானால் சொல்லலாம். அது லிப்னா என்று அந்தக் கல் சொல்லவில்லை. இரண்டையும் கலந்துவிடக்கூடாது.

கிழக்கே இருப்பது தெல் பூர்னா. தோண்டுவதற்கு முன்பே மேட்டின் உச்சியில் மதில் தரைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது: ஏறக்குறைய 70-க்கு 70 மீட்டர், தட்டையான சதுரம். 2009-ல் இட்ஸிக் ஷாய் குழுவினர் மேடு முழுவதும் நடந்து ஓடு பொறுக்கி ஆராய்ந்துவிட்டு, அடுத்த ஆண்டு தோண்டத் தொடங்கினார்கள். உச்சிக்கு வெளியே, கி.மு. 13-ம் நூற்றாண்டு அடுக்கில் ஒரு பெரிய கட்டடமும் முற்றமும் வெளிப்பட்டன. வழிபாட்டுக் கிண்ணங்கள், முகமூடித் துண்டுகள், சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஆளுயரக் குதிர் போன்ற ஜாடிகள். கடலிலிருந்து அவ்வளவு பெரிய மண்ஜாடிகளை உடையாமல் இந்தக் குன்றுக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், அது சாதாரணக் கிராமம் இல்லை. மேலே உச்சியில் இரும்புக் காலம்: 9-ம் நூற்றாண்டு, 8-ம் நூற்றாண்டு, 7-ம் நூற்றாண்டு தானியக் குழிகள். யூதா அரசின் முத்திரை அழுத்திய ஜாடிக் கைப்பிடிகளும் கிடைத்தன. “ராஜாவுக்கு உரியது” என்று எபிரேயத்தில் குத்திய இந்த முத்திரை எசேக்கியா காலத்து நிர்வாகத்தின் கையெழுத்து மாதிரி. அது கிடைத்தால், 701-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் எருசலேமின் கணக்கில் இருந்தது என்று பொருள்.

தெல் பூர்னாவை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இந்தத் தொடர்ச்சிதான். லிப்னாவின் கதைக்குப் பிற்கால வெண்கலக் காலத்தில் (மேலே சொன்ன 13-ம் நூற்றாண்டு அதில் அடங்கும்) ஒரு ஊர் வேண்டும், 9-ம் நூற்றாண்டில் கலகம் செய்யும் அளவுக்கு மதில் வேண்டும், 701-ல் முற்றுகையிட ஏதாவது இருக்கவேண்டும், 7-ம் நூற்றாண்டில் அமுத்தாளின் தகப்பன் வாழ ஒரு வீடு வேண்டும். பூர்னாவில் எல்லாக் கட்டத்திலும் ஆள் இருந்திருக்கிறார்கள். எத்தேரும் மரேஷாவும் எட்டிப்பிடிக்கும் தூரம்.

எதிர்த்தும் பேசலாம். 70 மீட்டர் சதுரம் என்பது ஒரு பட்டணத்துக்குச் சிறிது, எல்லைக் காவல்கோட்டை என்றுதான் தோன்றும். சரிவிலும் குடியிருப்பு இருந்தது என்று பதில் சொல்கிறார்கள். பெயரின் பொருளும் பெரிதாக உதவாது. செப்பேலாவின் அடிப்பாறையே வெள்ளைச் சுண்ணம். கொஞ்சம் தோண்டினால் எந்தக் குன்றும் வெள்ளைதான். ஆல்பிரைட்டை ஏமாற்றியதும் இதுதான் என்பது என் எண்ணம்: வெள்ளை நிறம் சாஃபிக்கு மட்டும் உரியது போலத் தெரிந்தது, உண்மையில் வட்டாரத்துக்கே பொது.

எல்லை ஊர் என்பதை நான் குறையாக எண்ணவில்லை. அந்தக் கலகத்துக்கு அதுதான் விளக்கம். 9-ம் நூற்றாண்டின் நடுவில் காத் இன்னும் அழியவில்லை, செப்பேலாவின் பெரிய சக்தி அதுதான். யூதா கிழக்கே ஏதோமோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊர் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நாளாகமம் இதற்கு யோராமின் பாவத்தைக் காரணமாகச் சொல்கிறது; ராஜாக்கள் புத்தகம் காரணமே சொல்லவில்லை. பக்கத்தில் காத் இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். காத் விழுந்தபிறகு யூதா மேற்கே கை நீட்டி ஊரைத் திரும்ப எடுத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் 701-ல் சனகெரிப்புக்கு அங்கே வேலை இல்லை.

அமுத்தாளின் திருமணத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். யோசியாவின் தாய் எதிதாள் போஸ்காத்காரி. அதுவும் லாகீசோடு சேர்த்துச் சொல்லப்படும் செப்பேலா ஊர். ஒரு மனைவி லிப்னாவிலிருந்து. அசீரியன் நாசமாக்கிவிட்டுப் போன மேற்கு எல்லையைப் பெண்கொடுத்துப் பெண்ணெடுத்து எருசலேம் மறுபடி கட்டிப்போட்டது போலத் தெரிகிறது. இது என் ஊகம், தோண்டி எடுத்தது இல்லை.

இனி உங்கள் இரண்டு வரைபடங்கள். லிப்னாவைப் பார்க்காதீர்கள், முதலில் காத்தைத் தேடுங்கள். காத் தெற்கே கிரியாத் காத் பக்கம் குறிக்கப்பட்டிருந்து, லிப்னா அதற்கு வடகிழக்கே சமவெளியின் ஓரத்தில் இருந்தால், அது ஆல்பிரைட் காலத்து வரைபடம். பதிப்பாண்டு சமீபத்தியதாக இருந்தாலும் பழையதைப் பார்த்து வரைந்தது. காத் தெல் எஸ்-சாஃபியில் இருந்து, லிப்னா அதற்குத் தெற்கே, லாகீசுக்குப் போகும் வழியில் குவ்ரின் ஓடையோரம் இருந்தால், அது புதியது. அந்தப் புள்ளி சாயித்தா பூர்னாவா என்று இவ்வளவு சின்ன அளவில் பிரித்துப் பார்க்க முடியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தால் அந்த வரைபடத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.